நாற்பத்தொரு பேருக்குச் சமைத்த நாள்

ஆட்டிறைச்சி ரோல்ஸ் நானூறு, கோழிக்கறி நூற்றெண்பது பேருக்கு, மஞ்சள் சோறு, மாம்பழ லஸ்ஸி. அந்தத் தாளில் இருந்தது இவ்வளவுதான். யோகாம்பாள் அக்கா அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்த விதத்திலேயே, இந்த ஓடர் நல்லபடி முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அக்கா வீட்டுக்குக் கீழ் மாடி. பெயர் ஜெயகௌரி. வயோதிபர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில் வேலை. சனி ஞாயிறுகளில் யோகம் அக்காவும் அவர் கணவர் சச்சிதானந்தன் அண்ணையும் எடுக்கும் சமையல் ஓடர்களுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பேன். ரைன் ஆற்றங்கரையில் இருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. பாலத்தைக் கடந்தால் ஜெர்மனி. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது கடிதம் போடுவார்கள். எங்களுக்குக் கடிதங்களோடு நல்ல அனுபவம் இல்லை.

1942ஆம் ஆண்டு, ஹிட்லரின் ஆட்களிடமிருந்து தப்பி இந்தப் பாலத்தால் வந்த நாற்பத்தொரு யூதர்களை இந்த ஊர்க் காவலர்கள் திருப்பி அனுப்பினார்கள். போனவர்களில் இரண்டு பேர்தான் பிழைத்தார்கள். எண்பது வருஷம் கழித்து ஊருக்கு ஞாபகம் வந்து, பாலத்தடியில் நினைவுச் சின்னம் கட்டத் தொடங்கினார்கள். நாற்பத்தொரு இரும்புத் தூண், தூணுக்கு ஒரு பெயர். கட்டி முடிக்கக் காசு போதவில்லை. ஆகவே செப்டெம்பர் ஞாயிறு ஒன்றில் காலையில் திறப்பு விழா, மதியம் மண்டபத்தில் நன்கொடை விருந்து என்று தீர்மானித்தார்கள். ஒழுங்கு செய்யும் வேலை அக்காவின் மகள் சரணியாவின் கைக்கு வந்தது. பிள்ளைக்கு இருபத்தெட்டு வயது. விழாக்கள் ஒழுங்குசெய்யும் சிறிய நிறுவனமொன்றில் தற்காலிக வேலை. இதைச் சரியாகச் செய்தால் ஒக்டோபரில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். தாயின் சமையலைக் குழுவுக்குச் சொன்னதும் அவள்தான்.

"கௌரி, இது செத்தவைக்குச் செய்யிற சாப்பாடு. இதிலை மச்ச மாமிசமோ?" என்றார் அக்கா.

சச்சி அண்ணைக்கு இதெல்லாம் பெரிய பிரச்சினை இல்லை. கேட்டதைச் செய்துகொடுத்துவிட்டு நன்றி சொல்லும் மனிதர் அவர். பஸ் சாரதிக்கு நன்றி, கடைக்காரிக்கு நன்றி, அபராதச் சீட்டு எழுதிய பொலிஸ்காரனுக்கும் ஒருநாள் நன்றி சொன்னார். ஒரு இடத்திலிருந்து புறப்பட்டால் வாசலில் நின்று ஆளாளுக்கு "போட்டு வாறன்" சொல்லி முடிக்க அரை மணித்தியாலம் வேண்டும். செத்தவீட்டில் மட்டும்தான் அண்ணை வாய் திறக்காமல் இறங்குவார். அங்கே போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாதே, அதனால். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லி அவரைப் பகிடி பண்ணுவோம்.

அக்கா சாப்பாட்டு விஷயம் பேசக் குழுக் கூட்டத்துக்கே நேரில் போனார். அவர் இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டித் துடைக்கும் ஊர்ச்சபைக் கட்டடத்தில்தான் கூட்டம். கதிரைகளை அவரே அடுக்கிவிட்டு, அதில் ஒன்றில் முதல்முறையாக உட்கார்ந்தாராம். கோபம் ஆறாமலே அங்கே நடந்ததை எனக்கு வந்து சொன்னார்.

குழுத் தலைவர் ஹெர் சூட்டர். காப்புறுதித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்றவர். நல்ல உயரம், நல்ல பல்வரிசை. பாலத்துக்குக் குறுக்கே ரிபன் கட்டி வெட்ட வேண்டும், அல்ப்ஹோர்ன் என்ற நீள மரக்குழலை ஊத வேண்டும், மண்டபத்துக்கு வந்ததும் முதலில் ஆளுக்கு ஒரு கிண்ணம் வைனும் ரோல்ஸும் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். வைன் உள்ளே போனால்தான் கை சட்டைப்பைக்குள் போகுமாம். செத்த இடத்தில் ரிபன் வெட்டும் சனத்தை நான் இன்றுவரை வேறெங்கும் காணவில்லை.

அக்கா துப்புரவு வேலையில் பழகிய ஜெர்மன் மொழியில், தன்னுடைய கிளீனிங் டொச்சில், இரண்டே விஷயம் சொன்னார். இறைச்சி இல்லை. பெயர்களை வாசித்து முடியும்வரை யாரும் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது. சூட்டர் குழந்தைப்பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். அப்போது மேசையின் அந்தப் பக்கத்தில் யாரோ தடியால் நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினார்களாம். ஃபிராவ் பிளோக். எண்பத்துநாலு வயதுக் கிழவி. அந்த நாற்பத்தொரு பேரில் ஒருத்தி இவருடைய தாயின் தங்கை.

"அந்த அம்மா சொல்வது சரி. என் ஆட்களில் பாதிப்பேர், எங்கள் யூத முறைப்படி அறுக்காத உங்கள் ஆட்டிறைச்சியைத் தொடவும் மாட்டார்கள்" என்றார் ஃபிராவ் பிளோக். மரக்கறிச் சாப்பாடு என்று முடிவாயிற்று.

கிழவிக்குக் குழுவோடு வேறு சண்டையும் இருந்தது. நுழைவுப் பலகையில் "திருப்பி அனுப்பப்பட்டவர்கள்" என்று இருந்ததை, "உள்ளே வர இயலாமற் போனவர்கள்" என்று மாற்றச் சொல்லி நன்கொடையாளர் ஒருவர் கேட்டிருந்தார். "என் சித்திக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது. நடந்து உள்ளே வந்தவள். இரண்டு ஆட்கள் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டார்கள்" என்று ஃபிராவ் பிளோக் மூன்று கூட்டத்தில் சொன்னாராம். மூன்று கூட்டத்திலும் குறிப்பெடுத்தார்கள். பலகையில் எது வரும் என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் சூட்டர் அக்காவின் பக்கம் திரும்பினார். அன்றைக்கு மூடிய கதவு இன்றைக்குத் திறந்திருக்கிறது என்று விருந்தாளிகளுக்குக் காட்ட வேண்டும், அதனால் அகதியாக வந்த ஒருவர் மேடையில் மூன்று நிமிஷம் நன்றி சொல்ல வேண்டும் என்றார். அக்கா தமிழிலேயே பேசலாம், கேட்க இனிமையாக இருக்கும், சரணியா டொச்சில் சொல்லட்டும். இனி அப்படி நடக்காது என்ற வாக்கியமும் அதில் இருந்தால் நல்லது என்றாராம்.

சச்சி அண்ணைக்குச் சந்தோஷம். சரணியாவுக்கும். அக்கா ஓம் என்றார். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. நாலு பின்னேரம் குசினி மேசையில் இருந்துகொண்டு கொப்பியில் கிழித்த ஒற்றைத் தாளில் எழுதினார். எழுதி முடித்து எனக்கு வாசித்தபோதுதான் ஏன் ஓம் சொன்னார் என்று விளங்கியது. அதில் அவருடைய தம்பி இராஜேந்திரன் இருந்தான்.

இராஜேந்திரனை எனக்குத் தெரியும். 2008இல் வந்தவன். இரண்டு வருஷம் இந்த மேல் மாடியில்தான் இருந்தான். சரணியாவுக்குச் சைக்கிள் பழக்கியது அவன், எனக்கு வீட்டுச் சொந்தக்காரனோடு சண்டை வந்தபோது குறுக்கே நின்றது அவன். இலங்கையில் போர் முடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லி அவனுடைய அகதிக் கேஸை நிராகரித்தார்கள். மேன்முறையீட்டுக்குக் கொடுத்த நாள் ஆறு நாளால் தவறிப்போயிற்று. ஏன் தவறியது என்று அந்த வீட்டில் எவரும் கதைத்ததில்லை. ஒருநாள் விடிய ஆறு மணிக்கு வந்து கூட்டிப்போனார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கினான் என்பது வரைதான் தெரியும். வெளியே காத்துக்கொண்டு நின்ற மச்சானிடம் அவன் வந்து சேரவில்லை. பதினைந்து வருஷமாக அவனுக்குத் திவசம் இல்லை. திவசத்துக்குத் திகதி வேண்டும். படம் சாமித்தட்டிலும் இல்லை, சுவரிலும் இல்லை. தோய்த்து மடித்த உடுப்போடு அலுமாரிக்குள் இருந்தது.

அந்தப் பெயரைச் சபையில் ஒருதரம் சொல்ல வேண்டும். அக்காவுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

சரணியா அந்த ஒற்றையை வாங்கி வாசித்தாள். "தேவையோ அம்மா?" என்று மட்டும் கேட்டாள். அவள் ஒற்றையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னாள்.

சனிக்கிழமை சூரிச்சுக்குப் போய் லாங்ஸ்ட்ராஸப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் வாழைக்காய், பயற்றங்காய், கத்தரிக்காய், வாழையிலை எல்லாம் வாங்கி வந்தோம். ஞாயிறு விடிய மண்டபத்துக் குசினிக்குப் போனால் புதுத் தலைவலி. அங்கே இருப்பது காந்த அடுப்பு, இண்டக்ஷன். எங்கள் பெரிய அலுமினியக் கிடாரங்களை அது சூடாக்க மறுத்தது. சச்சி அண்ணை பின்முற்றத்தில் கூடாரம் கட்டி, தீயணைப்புக்காரரிடம் கேட்டு, இரண்டு காஸ் அடுப்பைப் பூட்டினார். மழை. ஆற்றிலிருந்து பனிப்புகார் எழும்பிப் பாலத்தையே காணவில்லை. அந்தக் குளிரில் நான் இருநூறு வாழைக்காய் சீவினேன், கயர் பிடித்துக் கை கறுத்தது. அக்கா குளித்த தலையோடு, உப்புப் பார்க்காமல் சமைத்தார். படைக்கும் சோற்றுக்கு ருசி பார்ப்பதில்லை. நூற்றெண்பது பேரின் பருப்புக்கு உப்புப் பார்க்காமல் உப்புப் போட யோகம் அக்காவால்தான் முடியும்.

பாலத்தடியில் ரிபன் வெட்டினார்கள். நனைந்திருந்ததால் கத்திரிக்கோல் மூன்றுதரம் வழுக்கியது. பலகையில் "திருப்பி அனுப்பப்பட்டவர்கள்" என்றுதான் இருந்தது. கிழவி வென்றுவிட்டார். நாற்பத்தொரு பெயரையும் வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே வாசித்தாராம், குடையும் பிடிக்கவில்லையாம். சித்தியின் பெயர் வந்தபோதும் நிறுத்தவில்லையாம்.

மண்டபத்தில் நன்கொடை கொடுத்த கம்பனிகளின் பெயர்கள் சுவர் முழுக்க. நாற்பத்தொரு பேரின் பட்டியல் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தாங்கியில். அக்கா அதன் கீழே சின்ன மேசை வைத்து, தலைவாழையிலை விரித்து, சோறும் ஏழு கறியும் வடையும் பாயாசமும் படைத்தார். யாரோ அதைப் படம் எடுத்தார்கள். அலங்காரம் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு அக்காவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். சரணியா பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு நின்றாள். நான் குசினி வாசலில். அண்ணை கரண்டியோடு எனக்குப் பின்னால்.

"நான் யோகாம்பாள். இந்த ஊர்ச்சபையை இருபத்திரண்டு வருஷமாத் துடைக்கிறன். இந்த நாடு என்னை வைச்சிருந்தது. அதுக்கு நன்றி. என்ரை தம்பி இராஜேந்திரனை வைச்சிருக்கேல்லை. திருப்பி அனுப்பிப்போட்டினம். அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவனைக் காணேல்லை. இந்தத் தூணிலை பேர் உள்ள சனத்தின்ரை சாவோடை என்ரை தம்பியை நான் நிறுக்க வரேல்லை. அது வேறை, இது வேறை. ஆனா இனி அப்பிடி நடக்காது எண்டு என்னைச் சொல்லச் சொன்னியள். இராஜேந்திரனை வைச்சுக்கொண்டு அதை என்னாலை சொல்லேலாது. அவன்ரை பேரை ஒருக்கா இஞ்சை சொல்லவேணும் எண்டுதான் வந்தனான். இராஜேந்திரன்."

அழவில்லை. ஒற்றையைப் பார்க்கவும் இல்லை.

சரணியா கையிலிருந்த தாளைப் பார்த்து டொச்சில் வாசித்தாள். தன் தாய் இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் வேலை செய்வதாகச் சொன்னாள். கஷ்டமான காலத்தில் இந்த நாடு தங்களை ஏற்றுக்கொண்டது, அதை ஒருநாளும் மறக்கமாட்டோம் என்றாள். பாலம் என்பது சேர்ப்பதற்குத்தான், இனி அப்படி நடக்காது என்றாள். முடித்துவிட்டாள். தம்பி இல்லை, திருப்பி அனுப்பியது இல்லை. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சூட்டர் எல்லாருக்கும் முன்னால் எழும்பினார். நான் அங்கேயே கத்தியிருப்பேன், அண்ணை என் தோளில் கை வைத்திராவிட்டால்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு இருக்கிறது, தாய் தகப்பனுக்குக் கடை டொச்சைத் தவிர ஒன்றும் விளங்காது என்று. சின்ன வயதிலிருந்தே டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வதிவிட அனுமதி எடுக்கும் கந்தோரில் எல்லாம் எங்களுக்காகக் கதைத்துக் கதைத்து வந்த நினைப்பு. இருபத்திரண்டு வருஷம் கூட்டம் முடியும்வரை துடைப்பத்தோடு காத்து நின்ற ஒருத்திக்கு எல்லாம் விளங்கும். விளங்காவிட்டாலும், பெயர் எந்த மொழியிலும் பெயர்தானே.

குசினிக்குள் வந்ததும் சரணியா அழத் தொடங்கினாள். ஒக்டோபர் என்றாள், மேடையில் வேறு கதை வேண்டாம் என்று சூட்டர் முதலே எச்சரித்தவர் என்றாள், இது அந்த நாற்பத்தொரு பேரின் நாள் என்றாள். கடைசியாகச் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. அக்கா வடைச் சட்டியின் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினார். குரல் உயரவில்லை.

"மாமாக்கு வந்த கடிதத்தையும் நீதான் எங்களுக்கு வாசிச்சனி. முப்பது நாளுக்குள்ளை மறுப்புக் குடுக்கவேணும் எண்ட வரியை விட்டுட்டாய். நான் அழுவன் எண்டு பயந்து, இன்னும் பேப்பர் கேக்கினம் எண்டு சொன்னனி. வக்கீல் பிறகு எனக்குச் சொன்னவர்."

அண்ணை கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. பதினைந்து வருஷமாக இரண்டு பேரும் தெரிந்துகொண்டே அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

"அப்ப உனக்குப் பதின்மூண்டு வயசு. உன்னை நான் ஒரு வார்த்தை கேட்டனானோ? இண்டைக்கு உனக்கு இருபத்தெட்டு."

எனக்கு அந்த நிமிஷம் சரணியாவிலும் கோபம், ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறு ஆட்களில். ஒரு மனிதனின் உயிரை எட்டுப் பக்கக் கடிதத்தில் எழுதி, அந்த வீட்டில் அதை வாசிக்கக்கூடியது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுதான் என்று தெரிந்தும் தபாலில் போட்டவர்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். அவர்களில் யாருக்கும் நாங்கள் நன்றி சொல்லக் கடமைப்படவில்லை.

அப்போதுதான் குசினிக் கதவில் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஃபிராவ் பிளோக். ஈரம் காயாத தலையோடு நின்றார்.

"உன் அம்மா ஒரு பெயரை மூன்று தரம் சொன்னார். உன்னுடைய டொச்சில் அது ஒரு தரமும் வரவில்லை. யார் இந்த ராஜேந்திரன்?" என்று சரணியாவைக் கேட்டார்.

சரணியா தாயைப் பார்த்தாள். தாய் வடையைத் திருப்பிப் போட்டார்.

"எனக்குச் சொல்லவேண்டாம். வெளியே போய்ச் சொல்லு. எங்கள் சித்தியின் பெயரைச் சொல்ல இந்த ஊருக்கு எண்பது வருஷம் பிடித்தது" என்றார் கிழவி.

சரணியா போனாள். மேடையில் சூட்டர் நன்கொடைப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அவள் மைக்கைக் கேட்டாள். இப்போது வேண்டாம் என்று அவர் தலையை ஆட்டினார். ஃபிராவ் பிளோக் மண்டபத்தின் நடுவில் நின்று தடியால் ஒரு தட்டுத் தட்ட, மைக் கை மாறியது.

தான் மொழிபெயர்த்தது பொய் என்று சரணியா தொடங்கினாள். தாய் சொன்னதை ஒவ்வொரு வரியாகச் சொன்னாள், தாள் இல்லாமல். மாமாவின் பெயரை மூன்று இடத்திலும் சொன்னாள். பிறகு தாய் சொல்லாத ஒன்றையும் சொன்னாள். கடிதத்தை வாசித்தது தான், ஒரு வரியை விட்டது தான், வந்த பொலிசுக்குக் கதவைத் திறந்ததும் தான். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை.

யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனார். சிலர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். சூட்டர் மைக்கை வாங்கி, இலங்கைச் சமையலின் வாசனை வருகிறது, இனிச் சாப்பிடுவோம் என்றார்.

நாங்கள் பரிமாறினோம். அக்கா ஒவ்வொரு சாப்பாட்டுக் கோப்பைக்கும் தன் கையால் சோறு போட்டார். சூட்டரின் கோப்பைக்கும்தான். படிவம் மடித்த மனிதரின் பெண்சாதி இரண்டாம்தரம் கத்தரிக்காய்க் குழம்பு கேட்டார், கொடுத்தோம். செத்தவரின் பெயரால் போடும் சோற்றை ஆள் பார்த்துப் போடுவதில்லை. ஃபிராவ் பிளோக் நாற்பத்தொரு பேரின் இலைக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு, அங்கேயே இருந்து சாப்பிட்டார்.

எல்லாம் முடிந்து கிடாரங்களைக் கழுவும்போது அக்கா மிச்சமிருந்த வாழையிலையில் ஒன்றை எடுத்தார். யன்னலோரத்து மேடையைத் துடைத்து இலையை விரித்தார். ஒதுக்கி வைத்திருந்த சோற்றிலும் கறியிலும் படைத்தார். மேலே ஒரு வடை கூடுதலாக வைத்தார், இராஜேந்திரனுக்கு வடை என்றால் போதும். பதினைந்து வருஷம் செய்ய மறுத்ததை அங்கே, மற்றவர்களின் குசினியில், மழைக்கோட்டுப் போட்டபடி செய்தார். நாங்கள் மூன்று பேரும் பின்னால் நின்றோம். யன்னலுக்கு வெளியே புகார் விலகிப் பாலம் தெரிந்தது. சரணியா தாயின் கையைப் பிடிக்கப் பார்த்தாள். அக்கா கையைக் கொடுக்கவில்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை.

வாசலில் சூட்டர் நின்று எல்லாருக்கும் கைகொடுத்து வழியனுப்பிக்கொண்டிருந்தார். சரணியாவின் மேலதிகாரியும் பக்கத்தில் நின்றார். அவருடைய முகத்தைப் பார்த்தாலே ஒக்டோபர் தெரிந்தது. சரணியா நிற்கவேண்டிய இடமும் அதுதான், அவர்களுக்குப் பக்கத்தில். அவள் வந்து பெரிய கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்தாள். மற்றக் காது அக்காவின் கையில்.

சூட்டருக்கு ஒரு குணம், எவரையும் விடமாட்டார். சாப்பாடு மிக அருமை என்று சொல்லிக்கொண்டு அக்காவிடம் கையை நீட்டினார். மீண்டும் சந்திப்போம் என்றார். அக்கா அந்தக் கையைத் தாண்டிப் போனார். சரணியாவும் போனாள். நான் சட்டிகளோடு போனேன். சூட்டர் நீட்டிய கையை மடக்காமல், கடைசியாக வந்த சச்சி அண்ணையிடம் நீட்டினார். இந்த ஊரில் நன்றி சொல்வதற்கென்றே பிறந்த மனிதர் என்று அண்ணையை அவருக்கும் தெரியும்.

அண்ணை வாய் திறக்கவில்லை. காஸ் அடுப்பைத் தோளில் மாற்றி வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, படியிறங்கி வந்துவிட்டார்.